நாய் மைதானத்தை மூடிய கையெழுத்துகள்

அன்பு மச்சான் குலம்,

நீ போய் இருபத்தாறு நாளாகிவிட்டது. நேற்று உன் மனிசி வசந்தி என்னைக் கூப்பிட்டு உன் படம் ஒன்றைக் கையில் தந்தாள். "அண்ணை, முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடிக்கோணும். நீங்கள்தான் அவரைப் பற்றி நல்லா எழுதித் தரோணும். உங்களை விட ஆருக்கு அவரைத் தெரியும்?" என்றாள். நான் தலையாட்டிவிட்டுப் படத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

இந்தப் பட்டினத்தில் செத்துப்போன எங்கள் ஆட்கள் ஐந்து பேருக்கு நான் நினைவுமலர் எழுதியிருக்கிறேன். "பண்பாளர், பழக இனியவர்" என்று தொடங்கிவிட்டால் பேனா தன்பாட்டில் ஓடும். ஒருநாளும் ஒருத்தரோடும் சிரிக்காத கந்தையா அண்ணையைக்கூடச் சிரித்த முகத்தார் என்று எழுதினேன். அதை வாசித்துவிட்டு நீ, "மச்சான், இது வேற ஆரின்ரையோ புத்தகம், மாறி வந்திட்டுது போல" என்று சொல்லிச் செத்தவீடு என்றும் பாராமல் சிரித்தாய். உனக்கு அப்படி எழுத என்னால் ஏலாமல் கிடக்கிறது. நான்கு தரம் தொடங்கினேன், நான்கு தரமும் கிழித்தேன். அதனால்தான் உன்னோடேயே கதைத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். வருகிறவர்கள் கையில் இது கிடைத்தால் அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

முதல் ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். ஹைம் என்று நாங்கள் சொல்லுகிற அகதி விடுதியில் நீயும் நானும் ஒரே அறை. வந்து நாலாம் நாள், மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு இருந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய இரைச்சல் ஒன்று எழும்பியது. பதினாறு ஆண்கள், ஒருத்தன் வாயிலும் சோறு இறங்கவில்லை. நீதான் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு மதிலில் ஏறிப் பார்த்தாய். இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டு, "ஒண்டுமில்லை, சாப்பிடுங்கோ. நாலு விசரங்கள் பிரேக் இல்லாத மோட்டச்சைக்கிளில சுத்துறாங்கள். அவங்கள் முடிய நாய் ஓடுதாம்" என்றாய்.

அன்று பின்னேரமே நீ அங்கே போய்விட்டாய். அடுத்த கிழமை அங்கே மண்வாரியோடு நின்றாய். பாசை தெரியாது, வேலை அனுமதி கைக்கு வரவில்லை, ஆனால் குரூகருக்கு உன்னைப் பிடித்துவிட்டது. மைதானத்தின் சொந்தக்காரர், தொப்பி போட்ட பெரிய உடம்பு மனுசன். அனுமதி வந்த அன்றைக்கே உன்னை ஒழுங்காக வேலைக்கு எடுத்தார்.

அந்த மைதானத்தின் கதையை நான் உன் வாயால்தான் கேட்டேன். குரூகர் உனக்குச் சொன்னது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் வீட்டுப் பின்வளவில் ஓட்டநாய் வளர்த்தார்களாம். முதலில் அது வெறும் புல்வெளி. ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் சில்லில் கயிற்றைச் சுற்றி, கயிற்று நுனியில் முயல்தோல் ஒன்றைக் கட்டி, குரூகரின் தகப்பன் பெடலைக் கையால் சுற்றுவாராம். தோல் ஓடும், நாய்கள் பின்னால் ஓடும். உலகப்போர் முடிந்ததும் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிச் சுற்றிவர மேடு கட்டினார்கள். ஆட்கள் நின்று பார்க்கிற மேடு அதுதான். சுரங்கத்துக் கரிச்சாம்பலைப் பரப்பி வெளிச்சுற்றைப் போட்டார்கள், அதில் மோட்டார் சைக்கிள்காரர் வந்தார்கள். நாய்க்காரருக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லையாம். நாயை வெருட்டுகிறான் என்று இவர்கள், தடத்தில் நாய் பேண்டுவிட்டது என்று அவர்கள்.

மழை பெய்து முடிந்தால் அந்த மேட்டிலிருந்து ஏதாவது வெளியே வரும். கோப்பையின் காது, கதவுப் பிடி, ஒருமுறை ஒரு சின்னக் கரண்டி. நீ எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு வாளியில் போட்டு வைத்தாய். எதற்கடா இந்தக் குப்பை என்று கேட்டேன். "ஆரின்ரையோ வீடு மச்சான், காலால தட்டிவிட மனம் வரேல்லை" என்றாய். நான் அன்றைக்கு உன்னைப் பகிடி பண்ணினேன்.

எங்கள் காலத்தில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. கூட்டம் குறைந்துவிட்டது, மேட்டில் அரைவாசி புல். ஆனாலும் ஞாயிறு வந்தால் நீ புது மாப்பிள்ளை மாதிரித்தான். விடியவே தடத்துக்குத் தண்ணீர் அடித்து, உழவு இயந்திரத்தில் சாம்பலை இழுத்து மட்டப்படுத்தி, நாலு சுற்று முடிந்து மோட்டார் சைக்கிள்காரர் வெளியேறினால் திரும்பவும் இழுத்து. அந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆமணக்கெண்ணெய் விடுவார்கள். நீ வீட்டுக்கு வந்தால் உன் உடுப்பெல்லாம் அந்த மணம். என் மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பேதிக்குக் குடிச்சவர் மாதிரி வந்து நிக்கிறியள்" என்பாள்.

முயல்தோல் தேய்ந்து போனபோது நீ செய்த வேலையை இந்தப் பட்டினத்தில் மறந்தவர் கிடையாது. வசந்தி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம். அவளுடைய பச்சை நைலெக்ஸ் சேலையில் ஒரு பாகம் கிழித்து, நாய்களுக்கு முன்னால் ஓடுகிற கம்பியில் கட்டிவிட்டாய். அவளையும் மகளையும் முதன்முதலாக ஓட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனதும் அன்றைக்குத்தான். ஆறு நாய் துரத்த அவளுடைய சேலை வளைவில் திரும்பி வருகிறது. குரூகர் முன்னால் நிற்கிறார் என்றும் பாராமல் அவள் உனக்குப் பேசின பேச்சு! குரூகருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த கிழமை வசந்திக்கு ஒரு பூச்செண்டும் கொடுத்துவிட்டார்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் இந்த ஆறு வருடமாக நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மைதானத்துக்குப் பின்தெருவில் இருந்தவர் பிராவ் வேபர். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் வேபர் அம்மா. முதல் குளிருக்கு ஹைமுக்குக் கோட்டுகளைக் கொண்டுவந்து தந்த மனுசி. என் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினபோது தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர். எங்களில் அவரிடம் உதவி வாங்காத வீடு இல்லை. அவர் எங்களிடம் ஒரு தேத்தண்ணிகூடக் கேட்டதில்லை. புருசன் வருத்தம் வந்து படுத்த படுக்கை. ஒருநாள் என்னை வாசலில் கண்டு ஒரு தாளை நீட்டினார். "உங்கள் ஆட்களிடம் இதில் கையெழுத்து வாங்கித் தருவீர்களா?" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோசம், எவ்வளவு புளுகம் தெரியுமா? கடைசியில் எங்களாலும் அந்த அம்மாவுக்கு ஏதோ ஆகவேண்டியிருக்கிறது. அவர் முன்னால் நின்று அந்தத் தாளை வாசிப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். மடித்துப் பையில் வைத்தேன். உனக்குத் தெரியும்தானே, எங்கள் ஆட்களுக்குக் கடிதம், படிவம், Antrag என்கிற விண்ணப்பம் எல்லாம் எழுதுவது நான்தான். நான் தாளோடு போனால் ஒருத்தரும் என்ன என்று கேட்பதில்லை, எங்கே என்றுதான் கேட்பார்கள். "வேபர் அம்மாவின்ர அலுவல்" என்றேன், அதுவே காணும். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி எழும்பி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் அக்காவையும் கூப்பிட்டாள்.

ஆறாவது வீட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, எத்தனை பேர் ஆயிற்று என்று எண்ணத் தாளை விரித்தேன். அப்போதுதான் மேலே இருந்ததை வாசித்தேன். ஞாயிறு இரைச்சல், புகை, நாய்க் குரைப்பு. மைதானத்தின் அனுமதியை நகரசபை இனிப் புதுப்பிக்கக் கூடாது என்று கீழே கையெழுத்திட்டவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

விளங்கியது மச்சான். ஒரு சொல் விடாமல் விளங்கியது. உன் வேலை போகிற அலுவல் என்றும் விளங்கியது. அந்தப் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். வேபர் அம்மாவிடம் திரும்பிப் போய் என்ன சொல்வது? ஏலாது என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது, அந்த யோசனைதான் என்னைக் கெடுத்தது. அகதியின் கையெழுத்தை ஆர் எண்ணப் போகிறான்? எத்தனை Antrag-இல் போட்டோம், எத்தனை தரம் மறுத்து அனுப்பினான். எங்கள் கையெழுத்தால் இந்த நாட்டில் எது நடந்தது? அம்மாவின் மனமும் குளிரும், மைதானத்துக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏழாவது வீட்டுக்குப் போனேன்.

நீ வந்தபோது தாள் என் குசினி மேசையில் கிடந்தது. கால் சப்பாத்தில் கரிச்சாம்பலோடு வந்தாய். "என்ன மச்சான், எல்லாரும் போட்டிருக்கிறாங்கள்?" என்று கேட்டாய். தாளைத் திருப்பி வைத்திருக்கலாம். உனக்குத் தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பாயே என்ற பயத்தில், "வேபர் அம்மாவின்ர அலுவல். முப்பத்தேழு பேர் போட்டாச்சு, நீ மட்டும்தான் மிச்சம்" என்றேன். சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தேத்தண்ணி போட அடுப்பு முன்னால் போய் நின்றேன். திரும்பி வந்தபோது பேனா மூடிக் கிடந்தது, உன் கையெழுத்து கடைசி வரியில் இருந்தது. நீ சீனி கேட்டாய். குடித்தாய். போனாய்.

எண்ணினார்கள். மச்சான், இந்த நாட்டில் முதன்முதலாக எங்களை எண்ணினார்கள். அந்தப் பகுதியில் இருக்கிற வெளிநாட்டவர்கள்கூட அமைதி கேட்கிறார்கள், முப்பத்தெட்டுப் பேர் என்று நகரசபைக் கூட்டத்தில் வாசித்தார்களாம். ஊர்ப் பத்திரிகையிலும் வந்தது. அந்தக் காணியில் கட்டில், மேசை விற்கிற தளபாடக் கடைக்காரனுக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்தது, நாங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் மூடியிருப்பார்கள் என்று பலர் சொன்னார்கள். அப்படியும் இருக்கலாம். அதைச் சொல்லி ஆறுதல் பட எத்தனையோ தரம் பார்த்தேன், ஒருநாளும் சரிவரவில்லை.

குரூகர் உன்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்ட அன்று நீ நேரே என்னிடம்தான் வந்தாய். வாசலில் நின்றபடியே, "மச்சான், அந்தப் பேப்பரில என்ர பேரைக் காட்டினவர்" என்றாய்.

"எங்களுக்கென்ன தெரியும் குலம்? வேபர் அம்மா எங்களை ஏமாத்திப் போட்டா" என்றேன்.

கூசாமல் சொன்னேன். எங்களுக்குக் கோட்டுத் தந்த மனுசியின் தலையில் போட்டேன். நீ என்னைப் பார்த்தாய். "ஓம்" என்றாய். உள்ளே வராமல் திரும்பிப் போனாய்.

கடைசி ஞாயிறு கூட்டம் வந்தது, இருக்கும்போது வராதவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஓட்டம் முடிந்து குரூகர் வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் நாய்கள் போடுகிற இலக்கச் சட்டை ஒன்றைக் கொடுத்துக் கை குலுக்கினார். சிவப்பு ஒருத்தருக்கு, நீலம் ஒருத்தருக்கு. உன் முன்னால் வந்ததும் நிற்காமல் அடுத்த ஆளிடம் போனார். நான் மேட்டில் நின்று பார்த்தேன். நீட்டின கையை நீ மெதுவாகக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாய்.

பிறகு தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் சட்டி கழுவப் போனாய். ஒவ்வொரு சனியும் முன்பு மாதிரியே என் வீட்டுக்கு வந்தாய், தேத்தண்ணி குடித்தாய், பகிடி விட்டாய். அந்தத் தாளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. வசந்திதான் குரூகரைத் திட்டுவாள். "நாயா உழைச்ச மனிசனுக்கு ஒரு கை குடுக்கேல்லை, என்ன சாதி மனிசன் அது?" என்பாள். நீ பேச்சை மாற்றுவாய். நான் பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓம் ஓம் என்பேன்.

அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில்தான் ஏப்ரனைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னமே முடிந்துவிட்டதாம். இதை உனக்கு ஏன் சொல்கிறேன், நீ இருந்த இடம்தானே அது. உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உன்னை எரித்த அன்று குரூகர் வந்தார்.

கடைசி வரிசை வாங்கில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். உடம்பு பாதியாகப் போய்விட்டது. வசந்தி கண்டுவிட்டு முகத்தைத் திருப்பினாள். எல்லாம் முடிந்து ஆட்கள் வெளியே வந்தபோது அவர் பின்னால் போனேன். என் கால் தானாகப் போனது. பஸ் தரிப்பில் வைத்து அவரிடம் சொன்னேன். அந்தத் தாளைக் கொண்டு திரிந்தது நான், வாசித்தும் கொண்டு திரிந்தேன், குலம் ஒன்றும் அறியான், வாசிக்காமல் போட்டான் என்று.

"இல்லை," என்றார் குரூகர். "அவன் வாசித்துத்தான் போட்டான். என்னிடம் சொன்னான்."

அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். கந்தோரில் உன்னை இருத்தி, இதை உனக்கு யார் கொண்டுவந்து தந்தது என்று கேட்டாராம். ஒருவரும் தரவில்லை, நானே போய் வாசித்துப் போட்டேன் என்றாயாம். மூன்று தரம் கேட்டாராம். ஒருவரும் தரவில்லை என்றது பொய் என்று அவருக்குத் தெரியும். "ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும். நான் எழும்பி அவன் தோளில் கை போட்டிருப்பேன். பிடிவாதமாக இருந்தான். எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் சொல்லவில்லை அவன்?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? ஏன் சொல்லவில்லை நீ? வாசித்திருந்தால் ஏன் போட்டாய்? அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற என் முதுகைப் பார்த்து உனக்கு எல்லாம் விளங்கிவிட்டதா? மேலே இருந்த முப்பத்தேழு பெயரையும் கண்டு தனித்து நிற்கக் கூச்சப்பட்டாயா? இல்லை, அகதியின் கையெழுத்தை ஆர் எண்ணப் போகிறான் என்று நீயும் நினைத்தாயா? அப்படி நினைத்திருந்தாய் என்றால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். உன்னிடம் கேட்க வழியில்லை. ஆறு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமை உன்னை முன்னால் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தவனுக்கு இப்போது கேட்க வேணும் போலிருக்கிறது.

நேற்று மைதானம் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேட்டை வழித்து மட்டமாக்கித் தளபாடக் கடை கட்டிவிட்டார்கள். நீ தண்ணீர் அடித்த வளைவில் கார் நிறுத்துகிறார்கள். இன்னொரு செய்தி, உன் மகளுக்கு அந்தத் தளபாடக் கடையிலேயே Ausbildung, தொழில் பழகுகிற இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளைக்குச் சந்தோசம். வசந்தி, "வீட்டுக்குக் கிட்ட, நடந்தே போகலாம் அண்ணை" என்றாள். நல்லது என்றேன். வேறென்ன சொல்ல?

வேபர் அம்மா புருசன் செத்தபின் மகனோடு போய்விட்டார், விலாசம் ஒருத்தருக்கும் தெரியாது. அவர் தலையில் போட்ட பொய்யை நான் எங்கே போய் இறக்குவேன்?

ஆனால் ஒன்று செய்வேன் குலம். நாளை காலை இதை அச்சுக்குக் கொடுக்குமுன் வசந்தியை எதிரில் இருத்தி முழுவதையும் நானே வாசிப்பேன், ஒரு வரியும் விடமாட்டேன். அவள் கிழித்தால் கிழிக்கட்டும். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குக் குரூகரை நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்து, உன் படத்துக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு இருத்துவேன். அவருக்கு உன் மேலிருந்த கோபமும், வசந்திக்கு அவர் மேலிருக்கிற கோபமும் எனக்குச் சேரவேண்டியவை என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன். அதற்குப் பிறகு உன் வீட்டுக்குள் நான் வரலாமா என்பதை உன் வசந்தி சொல்லட்டும்.

நீ காட்டிக்கொடுக்காத உன் மச்சான்,
தேவராசன்